பூஜை போட்ட பியட்

செல்ஃப் அடிக்குது, புடிக்கத்தான் மாட்டேங்குது. உர் உர்னு சுத்துது, சுத்தி என்ன பண்ண, எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போட மாட்டேங்குது. போதும் மரகதம், சாவிய விடு, பேட்டரி எறங்கிப் போயிரும்னேன். விட்டா. விட்டதும் தரணி ஆடறது வண்டி முழுக்கத் தெரியுது. நான் பானெட்டுக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கறேன், எனக்கு என்ற பையன் மூஞ்சி தெரியல, ஆனா மட்கார்டுல ஊணின கைக்கு அவன் ஆடறது வந்து சேருது, முன்னால பின்னால, முன்னால பின்னால. ஆடற வரைக்கும் பயமில்ல. ஆட்டம் நின்னாத்தான் பயம். நின்னா அடுத்தது நெத்தி. இருபத்திமூணு வயசுப் பையன், என்னைய விட ஒசரம், தோள்பட்டை கதவு அகலம். அந்த ஒடம்ப வெச்சுட்டு நெத்திய டேஷ்போர்டுல கொண்டுபோய் மோத ஆரம்பிச்சான்னா நானும் அவளும் சேர்ந்து புடிச்சாலும் நிக்காது. சாயங்காலம் ஆனா இந்த பியட் காருல ஏறி, முன் சீட்டுல எடது பக்கம் உக்காந்து, சூலூர் கொளத்த ஒரு சுத்து சுத்திட்டு வரோணும். மழை பேஞ்சாலும் சரி, பந்த் நடந்தாலும் சரி, எங்கப்பன் செத்து நடுவீட்டுல கெடந்த அன்னைக்கும் சரி, போயிட்டுத்தான் வந்தோம். ஒறம்பரையெல்லாம் வாசல்ல உக்காந்துட்டு, பெத்தவன் போயிக் கெடக்கறான், இவன் பையனக் கூட்டிட்டு சவாரி போறான் பாருன்னு பாத்தாங்க. பாக்கட்டும். பாக்கறவன் ஒரு சாயங்காலம் வந்து தரணியப் புடிச்சுட்டு உக்காரட்டும், அப்பறம் பேசலாம். இப்ப வெயில் செவுத்துல பாதிக்கு ஏறிருச்சு. அவனுக்குக் கடிகாரம் தெரியாது, ஆனா வெயில் சாயறது தெரியும். தானா வந்து ஏறி உக்காந்துட்டான். உக்காந்தவன எறக்க முடியாது. வண்டி நகரோணும். அவ்வளவுதான் அவன் கேக்கறது.

வேற வண்டி கூப்படறதுதானேம்பாங்க. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க, என்னமோ எனக்குத் தோணாத மாதிரி. மரகதத்தோட தம்பி புது வண்டி வாங்கினப்ப கொண்டாந்து வாசல்ல நிறுத்தினான், ஏசி, மெத்து மெத்துனு சீட்டு. தரணியப் பாத்து, ஏறு மாப்ளேன்னான். ஏறினான். வண்டி கெளம்பிருச்சு, சத்தமே இல்ல. சத்தமில்லாத வண்டி தரணிக்கு வண்டியே இல்ல. ஒண்டிப்புதூர் தாண்டறதுக்குள்ள ஓடற வண்டியில கதவத் தொறந்துட்டான். நான் பின்னால இருந்து சட்டையப் புடிச்சு இழுத்தேன், சட்டை கிழிஞ்சுது, ஆளு தப்பிச்சான். மாமன்காரன் அன்னைக்கு வெளுத்த மூஞ்சி இன்னும் வெளுத்துத்தான் இருக்குது, இந்தப் பக்கமே வர்றதில்ல. தரணிக்கு இந்த ஆட்டம் வேணும். எஞ்சின் ஆடறது சீட்டு வழியா முதுகுல ஏறோணும், இந்த ரெக்சின் நாத்தம் வேணும், கியர் போடறப்ப வர்ற கரக் வேணும், அதெல்லாம் ஒட்டுக்கா இருந்தாத்தான் அவன் ஒடம்பு அவன்கிட்ட இருக்குது. டாக்டரம்மா அதுக்கு இங்கிலீஷ்ல என்னமோ பேரு சொன்னாங்க, பழக்கத்த மாத்தாதீங்கன்னாங்க. நாங்க மாத்தலீங்க, வண்டிதான் மாறுது. ஒருக்கா கிளச் வயர் அந்து போயி ஒரு சாயங்காலம் நின்னுச்சு. ஒரே ஒரு சாயங்காலம். அன்னைக்குப் போட்ட தையல் இன்னும் அவன் புருவத்துல இருக்குது, அந்த எடத்துல முடி மொளைக்கல. பக்கத்து வீட்டு ஆளுங்க வந்து காலப் புடிச்சுக்கிட்டாங்க, அந்த வீட்டுக்காரருக்கு ஒதடு கிழிஞ்சு போச்சு. அவரு அதப் பெருசு பண்ணல. ஆனா அதுக்கப்பறம் அந்த வீட்டம்மா எங்களப் பாத்து சிரிக்கறதுக்கு முன்னாடி சித்தே யோசிக்கறாங்க. யோசிச்சுட்டுத்தான் சிரிக்கறாங்க. அத நான் கவனிச்சுட்டேன். இன்னொருவாட்டி அவங்கள நான் கூப்பட மாட்டேன்.

இந்த நாளாப் பாத்தா நிக்கோணும். ஒரு மெக்கானிக்கும் ஸ்பேனரத் தொடாத நாளு வருசத்துல எதுன்னு தேடிப் புடிச்சு நின்னிருக்குது. ஆயுத பூஜை. ஊரெல்லாம் சாமானக் கழுவிப் பொட்டு வெச்சு சாமி முன்னால அடுக்கியாச்சு. நாளைக்குக் காத்தால மறுபூஜை போட்டு எடுக்கற வரைக்கும் அது சாமியோடது, மனுசனோடது இல்ல. சம்பத்துக்குப் போன் போட்டேன். இந்த பியட்டுக்கு அவன்தான் மெக்கானிக், அவனுக்கு முன்ன அவங்கப்பன். பின்னால மைக்செட்டு ஓடுது, தேங்கா ஒடைக்கறாங்க, சிரிச்சுக்கறாங்க. "அண்ணா, உங்களுக்குப் பொரி எடுத்து வெச்சிருக்கேனுங்ணா"ங்கறான். வண்டி புடிக்கலடா சம்பத்துன்னேன். "செல்ஃபு அடிக்குதுங்ளா?" அடிக்குது. "பெட்ரோல் வருதுங்ளா?" இனித்தான் பாக்கோணும். "பூஜை போட்டாச்சுங்ணா. சாமானெல்லாம் சாமிகிட்ட இருக்குது, நானே கை வெச்சன்னா நாளைக்குப் பசங்க எவனும் மனசு சுத்தமா வேலை செய்ய மாட்டானுங்க. காத்தால மொத வேலையா வந்தர்றனுங்ணா. தம்பிக்கு ஒரு மாத்திரையப் போட்டுப் படுக்க வெச்சிருங்." மாத்திரையாம். நல்ல மனசுலதான் சொன்னான். மாத்திரை போட்டா நாளைக்குப் பூரா எச்சி ஒழுகிட்டு செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பான், ஊட்டி விட்டா தொண்டைல எறங்காது, இருமுவான், இருமறதுல மூச்சு நிக்கும். அத நான் பாத்திருக்கேன், சம்பத் பாத்ததில்ல. போன வெச்சுட்டு அவனத் திட்டறதுக்கு ஒரு வார்த்தை தேடினேன். பொரி எடுத்து வெச்சிருக்கறவன என்னன்னு திட்டறது.

என்ற சாமானும் சாமிகிட்டத்தான் இருந்துச்சு. ஸ்பேனர் செட்டு, கட்டிங் பிளேயர், ஸ்க்ரூடிரைவர், அரம், எல்லாம் செவப்புத் துணியில, சரஸ்வதி படத்துக்கு முன்னால. அதுக்குப் பக்கத்துல அருவாமனை, கத்தி, மரகதத்தோட தையல் கத்திரி. கத்திய சாமிகிட்ட வெச்சாச்சுன்னு மத்தியானம் தக்காளியக் கையால பிச்சுப் போட்டு ரசம் வெச்சவ அவ, அவ்வளவு பாக்கறவ. நான் பூஜை ரூம் வாசப்படில நின்னேன். கால் உள்ள போகல. சாமிகிட்டப் பயமில்ல, அவகிட்டத்தான் பயம். நான் நிக்கறதப் பாத்துட்டு, வண்டிக்குள்ள அவன் ஆடறதயும் பாத்துட்டு, அவளே உள்ள போயி சாமானத் துணியோட முந்தானைல அள்ளினா. அள்ளிட்டு படத்தப் பாத்து, "நீ வந்து அவனக் கொளத்துக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா இருக்கட்டும், இல்லைன்னா குடு"ன்னா. சண்டைக்குப் போறவ கொரல் இல்ல, கடைல சாமான் கேக்கற கொரல். கொண்டாந்து என்ற கையில கொட்டினா. ஒவ்வொரு ஸ்பேனர்லயும் சந்தனம், நடுவுல குங்குமம், புடிச்சா வழுக்குது. எனக்குக் கண்ணாடி வேற இல்ல. மத்தியானம் சட்டை மாத்தி விடறப்ப தரணி கை வீசினதுல மூக்குல இருந்து எகிறி விழுந்துச்சு, அவனே மேல கால வெச்சுட்டான். கண்ணாடி இல்லைன்னா எனக்குக் கொய்யா மரத்து உச்சில இருக்கற எலை தெரியும், மூக்குக்குக் கீழ இருக்கற பிளக் தெரியாது. தடவித் தடவித்தான் பாக்கறேன். குருட்டு வைத்தியம்.

சரி, பெட்ரோல். கார்ப்பரேட்டருக்குப் போற ட்யூபக் கழட்டினேன், செல்ஃப் அடி மரகதம்னேன், அடிச்சா, பீச்சி அடிச்சுது, சட்டை பூரா பெட்ரோல். அப்ப பெட்ரோல் வருது. ட்யூப மாட்டினேன். அடுத்தது பிளக். ஒண்ணக் கழட்டி வயரோட எஞ்சின் மேல சாத்தி வெச்சுட்டு அடின்னேன். சின்னதா ஒரு நீலப் பொறி, கீத்து மாதிரி வரோணும், டிக் டிக்னு. அது கண்ணாடி இல்லாமயே தெரியும், காதுக்கும் கேக்கும். ஒண்ணுமில்ல. மரகதம், ஆக்சிலேட்டர லேசா மிதிச்சுட்டு அடின்னேன், எதுக்குன்னு எனக்கே தெரியாது, கரண்டு இல்லாத வண்டிய மிதிச்சு என்ன ஆகப்போகுது. "எதுங்க, நடுவுலதுங்ளா?"ங்கறா. வலது ஓரம், நடுவுலது பிரேக்கு, எடது பக்கம் கிளச்சு, இதுகூடவா தெரியாதுன்னேன். "நான் எப்பங்க முன்னால உக்காந்தேன்"னா. அதுவும் நெசம். முன்னால நானும் அவனும், பின்னால அவ. இன்னைக்குத்தான் சாவி திருப்பறதுக்கு ஆள் வேணும்னு டிரைவர் சீட்டுல உக்கார வெச்சிருக்கேன், வலது கை சாவியில, எடது கை அவன் தோள் மேல. கரண்டு. பேட்டரி டெர்மினல முறுக்கினேன், நல்லாத்தான் இருக்குது. காயில்ல இருந்து வர்ற தடி வயர உருவி பாடிகிட்டப் புடிச்சேன், அடின்னேன், கீத்து இல்ல. அப்ப காயில் போச்சு. ஷெட்டுல பழைய காயில் ஒண்ணு கெடக்குது, ஓடிப் போயி எடுத்தாந்து மாட்டினேன், அடின்னேன், இல்ல. அப்ப இதுவும் போச்சா, இல்ல அது போகவே இல்லயா, பழைய காயில் நல்லதா கெட்டதான்னு யாரு கண்டா. கரண்டப் பிளக்குகளுக்குப் பிரிச்சு விடற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடிய ஏற்கெனவே தொறந்து உள்ள துணி விட்டுத் தொடச்சாச்சு, காலைல எஞ்சினுக்குத் தண்ணி அடிச்சதுல ஈரம் நின்னிருக்கும்னு. ஈரமில்ல. மூடியாச்சு. பேட்டரி, சாவி, காயில், பிளக். பேட்டரி, சாவி, காயில், பிளக். கரண்டு நடுவுல எங்கயோ நிக்குது. வழியெல்லாம் தெரிஞ்ச வழிதான், போறவன மட்டும் காணோம்.

எனக்கு அறுவத்தி நாலு. வண்டிக்குத் தரணிய விட வயசு எச்சு. இதுல எது மொதல்ல போகும்ங்கறதுதான் கணக்கு. வண்டி போயி நான் இருந்தா, நான் இருந்து என்ன பிரயோசனம், நெத்திக்குக் கையக் குடுத்துட்டு உக்காந்திருக்கலாம். நான் போயி வண்டி இருந்தா, ஷெட்டுல நிக்கும், இவன் போயி ஏறி உக்காந்துக்குவான், ஆடுவான், ஓட்டறதுக்கு ஆள் கெடையாது. ரெண்டும் போனா. எல்லாப் பக்கமும் நெனைச்சுப் பாத்துட்டேன், எந்தப் பக்கம் போனாலும் ஒரே செவுத்துல கொண்டுபோய் விடுது. நமக்கப்பறம்? சோறு திங்கறப்ப, பல்லு வெளக்கறப்ப, நமக்கப்பறம் என்ன பண்றது மரகதம்னு வாய்விட்டே கேட்டுருவேன். அவ கேக்காத மாதிரி ரசத்த ஊத்துவா. இவன மாதிரிப் பசங்கள வெச்சுப் பாத்துக்கற ஒரு ஆசிரமத்துக்குப் போய்ப் பாத்தோம், பொள்ளாச்சி பக்கம், தென்னந்தோப்புக்குள்ள. சுத்தமா இருந்துச்சு. நல்லவங்க. அங்க ஒருத்தன் கட்டில்ல உக்காந்திருந்தான், தரணி வயசுதான் இருக்கும், கை ரெண்டையும் மெத்துத் துணி சுத்திக் கட்டில் காலோட கட்டியிருந்தாங்க. அவன் நல்லதுக்குத்தாங்க, இல்லைன்னா கண்ணக் குத்திக்குவான்னாங்க அந்தம்மா. மரகதம் அவன்கிட்டப் போயி மூஞ்சியத் தொடச்சு விட்டா. அவனுக்கும் ஒரு அப்பன் இருந்திருப்பான், அவன்கிட்டயும் இப்படி ஒரு வண்டி இருந்து நின்னு போயிருக்கும். நாங்க இருக்கறப்பவே இவன் போயிட்டாத் தேவலை. நெனைச்சுட்டேன். இதுக்கு முன்னாடியும் நெனைச்சிருக்கேன். பெத்த பையன் சாகோணும்னு கும்படற அப்பன் ஒலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன், இல்ல எங்கள மாதிரி வீட்டுல எல்லாரும் கதவச் சாத்திட்டு அதத்தான் கும்படறாங்களோ என்னமோ. அவன் ஒரு குத்தமும் பண்ணல. சாயங்காலம் ஆச்சு, ஏறி உக்காந்திருக்கறான். பெட்ரோல் நாத்தத்துக்குக் கண்ணு எரியுது, அப்படின்னு வெச்சுக்கலாம்.

ஆட்டம் நின்னுருச்சு. கை சொல்லுது. மட்கார்டு அசையல. மரகதம், கைய வெய்யின்னு சொல்றதுக்குள்ள விழுந்துச்சு மொதல் அடி. தொம். தகரத்துல விழுந்த சத்தமில்ல, சதையில விழுந்த சத்தம், அதுக்குள்ள அவ கையக் குடுத்துட்டா. டேஷ்போர்டுக்கும் அவன் நெத்திக்கும் நடுவுல அவ எடது கை. தொம். ஏனுங்க, வெசையாப் பாருங்கங்கறா, கத்தல, வளையல் ஒடையற சத்தம் கேக்குது. தொம். பாக்கறேன், பாக்கறேன், எதப் பாக்கறது, எல்லாமே கலங்கலா இருக்குது. காயில முறுக்கினேன், ஏற்கெனவே முறுக்கினதுதான். பியூசப் புடுங்கிப் புடுங்கி மாட்டினேன். அவன் தொண்டைல இருந்து அந்த ம்ம்ம் வருது, வெளிய கேட்டா மாடு கத்தற மாதிரி இருக்கும், பக்கத்து வீட்டுல கேட்டிருக்கும், யோசிச்சுட்டு இருப்பாங்க வரலாமா வேண்டாமான்னு. தொம். சும்மா இருடான்னு கத்திட்டேன். கத்திட்டு கையில இருந்த ஸ்பேனர மட்கார்டு மேலயே ஓங்கி ஒரு அடி. பெயிண்டு பேந்து போச்சு. அவன் அரண்டு போயிச் சித்தே நிறுத்தினான், அப்பறம் முன்ன விட வெசையா ஆரம்பிச்சான். நான் பண்ணின நல்ல காரியம். அவ என்னையத் திட்டல. "கண்ணு, இருடா, அப்பா பாக்கறாங்கல்ல, அப்பா பண்ணிருவாங்க"ங்கறா. பண்ணிருவாங்களாம். ஒரு நட்டுல ஸ்பேனர் உக்கார மாட்டேங்குது, அப்பா பண்ணிருவாங்களாம். எதக் கண்டு இவ இத்தன வருசமா என்னைய நம்பறா. நான் ஒரு எழவும் தெரியாதவன். மில்லுல வேலை பாத்தவன், நூல் அந்து போனா முடி போடத் தெரியும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இனிப் பாக்கறதுக்கு எடம் பாக்கி இல்ல. எடம் இல்லாததுனாலதான் பாத்த எடத்துக்கே திரும்பிப் போனேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரெண்டு கிளிப்பையும் தட்டி எடுத்தேன். இந்த வாட்டி நடுவுல சுத்தற ரோட்டரையும் உருவி எடுத்துட்டு உள்ள வெரல விட்டேன். அடில பாயிண்ட் இருக்கும், சின்னதா ரெண்டு பித்தான் மாதிரி, ஒண்ண ஒண்ணு தொட்டுத் தொட்டு விலகோணும், அப்பத்தான் பிளக்குல பொறி. நகத்தால நடுவுல கீறினேன். பொரபொரன்னு என்னமோ காஞ்சு கெடக்குது. துருவா, துரு இப்படி மாவா வராது. நகத்த மூக்குகிட்டக் கொண்டு போனேன். பெட்ரோலும் கிரீசும் ஊறின கை, அதுல சந்தனம் மணக்குது. ஸ்பேனர்ல இருந்ததுன்னு நெனைச்சு இன்னொரு கையச் சுத்தமா வேட்டில தொடச்சுட்டு, சுண்டு வெரல விட்டு மறுபடி எடுத்து மோந்தேன். சந்தனம்தான். தூக்கிப் புடிச்சு வெயில்ல பாத்தா நுனில செவப்பு. பொட்டு. எந்த மடையன் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள போயிப் பொட்டு வெச்சான்னு கேக்க வந்த வாய் அப்படியே நின்னு போச்சு. காலைல எஞ்சினுக்குத் தண்ணி அடிச்சுட்டு, ஈரம் காயட்டும்னு மூடி, ரோட்டர் எல்லாத்தையும் கழட்டி வெயில்ல வெச்சுட்டு நான் எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போனேன். வருசா வருசம் பொட்டு வெக்கறது தரணி வேலை. அவங்கம்மா கிண்ணத்தக் கையில குடுத்துருவா. அவன் சிரிக்கறது அன்னைக்கு ஒரு நாளுதான். வீல், லைட்டு, கிரில்லு, ஸ்டியரிங்கு, எல்லாத்துக்கும் ஒரே அளவுல, அளந்து வெச்ச மாதிரி, சந்தனம், அதுக்கு நடுவுல குங்குமம். அன்னாடம் மூடியே இருக்கற எடம் இன்னைக்குத் தொறந்திருக்குது, அதுக்கு மட்டும் பொட்டு இல்லைன்னா அவனுக்கு ஆகுமா. வெச்சுட்டான். கண்ணாடி போட்டா எண்ணெய் வழியுது, மூக்குல நிக்காது, குளிச்சுட்டு வந்து தடவித் தடவியே எல்லாத்தையும் மாட்டினவன் நான். எலுமிச்சம்பழத்து மேல வண்டிய ஏத்தறப்ப ஒருக்கா ஸ்டார்ட் பண்ணியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். பண்ணல. எஞ்சின் சத்தம் கேட்டா சாயங்காலம் வந்துருச்சுன்னு அவன் ஓடி வந்து ஏறிக்குவான்னு, நானும் அவளும் பின்னால நின்னு தள்ளித்தான் பழத்து மேல ஏத்தினோம். அவனும் சேர்ந்துதான் தள்ளினான்.

உப்புத்தாளக் கிழிச்சு மடிச்சு நடுவுல விட்டுத் தேச்சேன். தொம். இரு சாமி. வந்துருச்சு. தேச்சுட்டு ஊதினேன், துணி நுனிய பெட்ரோல்ல நனைச்சுத் தொடச்சேன், மறுபடி ஊதினேன். ரோட்டர், மூடி, கிளிப்பு ஒண்ணு உக்காருது, இன்னொண்ணு உக்காரல, உக்காருடா, உக்காந்துருச்சு. அடி மரகதம்னேன். உர் உர் உர். இல்ல. சோக்க இழுத்துட்டு அடி. அவ ஒரு கை அவன் நெத்திகிட்ட, இன்னொரு கையால சோக்கையும் இழுத்து சாவியையும் திருப்பறா. உர் உர், டப், ஒரு தும்மல். வலது கால லேசா வெய்யின்னு நான் சொல்லல, அவளே வெச்சுட்டா. புடிச்சுருச்சு. பொகை கக்கிட்டு வண்டி பூரா நடுங்குது, மட்கார்டு நடுங்குது, என்ற முழங்கை வரைக்கும் நடுங்குது. உள்ள அந்தத் தொம் சத்தம் நின்னுருச்சு. பானெட்ட எறக்கிட்டுப் பாத்தா அவன் சீட்டுல சாஞ்சு உக்காந்துட்டான், ரெண்டு கையும் தொடை மேல, கண்ணு முன்னால ரோட்டப் பாக்குது. நெத்தி செவந்திருக்குது, தோல் கிழியல. அங்க கிழியாததெல்லாம் அவ கையில கிழிஞ்சிருந்துச்சு. எடது கை மொத்தமா வீங்கி, மணிக்கட்டுல வளையல் கீறி ரத்தம் காஞ்சிருக்குது. நான் மட்கார்டப் புடிச்சுட்டுச் சித்தே நின்னேன். அழுகை வந்துச்சு, வரட்டும்னு விட்டுட்டேன், எஞ்சின் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போகுது.

மூஞ்சியத் தொடச்சுட்டு டிரைவர் பக்கம் போயிக் கதவத் தொறந்தேன். எறங்கு மரகதம், கைய அப்பறம் பாக்கலாம், இவனச் சுத்திட்டு வந்தர்லாம்னேன். அவ எறங்கல. ஸ்டியரிங்க ரெண்டு கையிலயும் புடிச்சுட்டு உக்காந்திருக்கறா. "எப்படி ஓட்டறதுன்னு சொல்லிக் குடுங்க"ங்கறா. வெளையாடற நேரமா இதுன்னேன். "நான் வெளையாடலீங்க." இன்னைக்கு வேண்டாம், நாளைக்குக் கிரவுண்டுக்குப் போயிப் பழகலாம், கை வேற இந்த நெலமைல இருக்குதுன்னேன். அவ என்னையப் பாக்கல, ரோட்டப் பாத்துட்டே சொல்றா. "நமக்கப்பறம் நமக்கப்பறம்னு நீங்க வாய்க்கு வாய் சொல்றீங்க. நானும் கேட்டுட்டுத்தான் இருக்கறேன். நமக்கப்பறம்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கப்பறம்னு ஒண்ணு வருதுங்க. அப்ப நான் இருப்பேன், இவன் இருப்பான், வண்டி இருக்கும். நான் பின் சீட்டுல உக்காந்து என்ன பண்ண?" என்ற சாவ அவ இப்படி, இருக்கற சாமானோட சாமானா எடுத்து வெச்சுட்டா. கோவம்தான் மொதல்ல வந்துச்சு. அப்பறம் பாத்தா, அவ சொன்னதுல ஒரு தப்பும் தெரியல. அந்தச் செவுத்துல இப்படி ஒரு சந்து இருக்கறது எனக்கு ஏன் தெரியாமப் போச்சு. நான் எனக்கப்பறம்னு நெனைச்சதே இல்ல, என்னையும் அவளையும் சேர்த்தேதான் சாகடிச்சுட்டு இருந்திருக்கேன். "ஏறுங்க. எஞ்சின் நின்னு போயிரப் போகுது"ன்னா.

பின்னால ஏறினேன். இந்த வண்டியில நான் பின்னால உக்காந்ததே இல்ல. ரெண்டு பேரோட பொடனியும் தெரியுது, அவன் கழுத்துல காலைல பூசின திருநீறு தெரியுது. கிளச்ச முழுசா மிதின்னேன், முன்னால எக்கி அவ வீங்கின கையோட சேர்த்து கியரப் புடிச்சுப் போட்டு விட்டேன், கரக். இப்பக் கிளச்ச மெதுவா விடு, மெதுவான்னா மெதுவா. விட்டா. வண்டி ஒரு குதி குதிச்சு, கேட்டு வாசல்ல நின்னுருச்சு. சத்தமில்ல. தரணியோட கை ரெண்டும் தொடைய விட்டு மேல வந்துச்சு. நான் கதவுப் புடியில கைய வெச்சுட்டேன், எறங்கி ஓடிப்போயி அவள எழுப்பிட்டு நானே உக்காந்துக்கலாம்னு. அதுக்குள்ள அவ கிளச்ச மிதிச்சா, சாவியத் திருப்பினா, வலது கால வெச்சா. புடிச்சுருச்சு. அவன் கை எறங்கிருச்சு. இந்த வாட்டி குதிக்கல, தள்ளாடிட்டே ரோட்டுல எறங்குச்சு. பொரித் தட்டோட வாசல்ல நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க, பக்கத்து வீட்டம்மாவும் பாத்தாங்க. ஒன்னாங் கியர்லயே போறா, எஞ்சின் கதறுது, ரெண்டு போடுன்னு சொல்ல வாய் வந்துச்சு, சொல்லல, அவன் அந்தக் கதறலக் கேட்டுட்டு முனங்கிட்டே வர்றான், சந்தோசமா இருந்தா அப்படித்தான் முனங்குவான். பின் சீட்டுக்கு முன்னால பிரேக்கு கெடையாது, என்ற வலது கால் மட்டும் வெறுந்தரைய மிதிச்சுட்டே வருது. நான் இல்லைன்னா இவங்க ரெண்டு பேரும் இப்படித்தான் போவாங்கன்னு பாத்துட்டே உக்காந்திருந்தேன். சூலூர் ரோடு வந்துச்சு. திரும்பறப்ப இண்டிகேட்டர் போடோணும் மரகதம்னேன். "அது எதுங்க"ன்னா.